இதுவும் ஒரு பாட்டா?

"இதுவும் ஒரு பாட்டா?"

கேட்டவர் ஒட்டன்சத்திரத்துப் பெரியவர் ஒருவர். கேட்டதோடு நின்றாரா? இல்லை. "மே நாள் மேடையில இதுக்கு இடம் கிடையாது" என்று தீர்ப்பையும் சேர்த்தே வழங்கிவிட்டார்!

நடந்ததைச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் போயிருந்தேன். அங்குள்ள காய்கறிச் சந்தையை அறியாதார் யார்? தக்காளி ஒருபுறம், முருங்கை ஒருபுறம், கத்தரியும் வெண்டையும் சின்ன வெங்காயமும் மறுபுறம் என்று மலைமலையாய்க் குவிந்து கிடக்கும். சுற்றுவட்டாரச் சம்சாரிகளின் வியர்வையெல்லாம் அங்கே மூட்டையாகிக் கேரளத்துக்கு லாரி ஏறும். மூட்டையை ஏற்றும் தோள்கள் இருக்கின்றனவே, அந்தத் தோள்களுக்குச் சொந்தக்காரர்கள்தாம் நம் தோழர்கள்.

சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் மே நாள் ஏற்பாடு பற்றிப் பேச்சு. கொடி யார் கட்டுவது, ஒலிபெருக்கி யாரிடம் எடுப்பது, பேச்சாளர் யார் — எல்லாம் சுமுகமாக முடிந்தது. அப்போது சுமை தூக்கும் இளைஞன் ஒருவன், இருபது வயதிருக்கும், தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"மாமா, கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாங்க நாலு பேர் ஒரு பாட்டுப் பாடுறோம்."

"என்ன பாட்டுடா?"

பையன் தன் கைப்பேசியைத் தட்டினான். மத்தளம் அதிர்ந்தது. அதன்மேல் பட்டாசுச் சரம் வெடித்தாற்போல் தமிழ்ச் சொற்கள் பாய்ந்தன. பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். அப்போது பிறந்ததுதான் அந்தக் கேள்வி.

பையன் முகம் வாடிவிட்டது. ஆனால், ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் போனான். "எங்க பூட்டன் கூடப்பிறந்தவரு மலாயாவுக்குப் போயி பால்மரம் வெட்டுனவரு மாமா. திரும்பி வரவே இல்ல. இது அந்த ஊருப் பாட்டு."

தோழர்களே! அந்தச் சொல் என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

லயத்தில் பிறந்த லயம்

பையன் ஒலிக்கவிட்டது, 2006ஆம் ஆண்டில் மலேசியத் தலைநகர் கோலாலம்பூரிலிருந்து வந்த 'வல்லவன்' என்னும் இசைத்தொகுப்பில் உள்ள ஒரு பாட்டு. அதே ஆண்டில் அதே பெயரில் ஒரு திரைப்படமும் வந்தது. அது வேறு, இது வேறு. பாடிய குழுவின் பெயர் 'யோகி பி அண்ட் நட்சத்ரா'. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்ற பெயர்களில் மேடையேறிய மூன்று தமிழர்கள். அந்தக் குழுவின் முதல் தொகுப்பே அதுதான். திரைப்படத்தின் தயவில்லாமல், ராப் என்னும் சொல்லிசையையே முழுமையாக நம்பித் தமிழில் வந்த தொகுப்புகளில் முன்னோடி என்று இளைஞர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள்.

மலேசியாவில் தமிழன் எப்படி வந்தான்? சுற்றுலாவா போனான்? சுகவாசம் தேடியா போனான்? இல்லை! பிரேசில் நாட்டு ரப்பர் விதை 1876இல் இங்கிலாந்துக்குப் போய், மறு ஆண்டு அங்கிருந்து நாற்றாகச் சிங்கப்பூருக்கு வந்தது. நாற்று மரமாயிற்று, மரம் தோட்டமாயிற்று, தோட்டத்துக்கு ஆள் வேண்டியதாயிற்று. வெள்ளை முதலாளி கங்காணியை அனுப்பினான். கங்காணி நம் ஊர்களுக்கு வந்து, "தேங்காயும் மாசியும் மரத்தில் தொங்குகிறது" என்பதுபோல் ஆசை காட்டினான். பஞ்சத்தில் வாடியவன் கப்பலேறினான். நாகப்பட்டினத்தில் கால் தூக்கியவன் பினாங்கில் கால் வைத்தான். வைத்த கால் வைத்ததுதான். பலருக்கு ஊர் திரும்பும் வழியே இல்லாமல் போயிற்று.

விடியுமுன் எழ வேண்டும். பொழுதேறினால் பால் வற்றும். கொசுக்கடி, மலைக்காய்ச்சல், கங்காணியின் வசைமாரி, துரையின் பூட்ஸ். தங்குவதற்கு ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுத்த அறைகள். அந்த வரிசைக்கு 'லயம்' என்று பெயர். தமிழில் இசைக்கும் லயம் உண்டு. ஏழை அடைபட்டுக் கிடந்த கொட்டடிக்கும் லயம் என்று பெயர் வாய்த்தது!

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? வெள்ளைத் துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பது! கூலி உயர்வோடு மானத்தையும் கேட்டான் தமிழன். பதிலாகப் பட்டாளம் வந்தது, துப்பாக்கி பேசியது, உயிர்கள் பலியாயின. அடுத்து ஜப்பானியன் வந்தான். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை போட 1942, 1943 ஆண்டுகளில் பல்லாயிரம் தமிழரை இழுத்துச் சென்றான். போனவர் பலர் காட்டிலேயே மண்ணாயினர். போர் முடிந்து வெள்ளையன் திரும்பி வந்தான். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த எஸ். ஏ. கணபதியை, 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டான். மே நாள் முடிந்து மூன்றே நாள்! மே நாள் மேடை பற்றிப் பேசுகிறோமே, அந்தப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1957இல் மலாயா விடுதலை பெற்றது. தோட்டத் தமிழனுக்கு விடிந்ததா? ரப்பரின் மதிப்புச் சரிந்தது, செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டு துண்டாயின. ரப்பர் நின்ற இடத்தில் தொழிற்சாலையும் மாளிகையும் எழுந்தன. இன்று மலேசிய அரசின் நிர்வாகத் தலைநகராக மின்னும் புத்ராஜெயா, பிராங் பெசார் என்ற பழைய தோட்டத்தின்மேல் எழுந்ததுதான். தோட்டம் போனால் வேலை போயிற்று; வேலை போனால் லயமும் போயிற்று; லயத்தோடு கோயிலும் பள்ளியும் அக்கம்பக்கமும் போயின. நகரத்து ஓரங்களில் போய் ஒண்டினான் தமிழன். அவன் பிள்ளை தெருவில் நின்றான். "தமிழ்ப் பையனா? அடிதடிக்காரன்" என்று பெயர் சூட்டியது ஊர்.

அந்த ஊரில், அந்தப் பெயரைச் சுமந்த தலைமுறையின் காதில் விழுந்ததுதான் 'வல்லவன்'. தொகுப்பின் பெயரைக் கவனியுங்கள். 'கூலி' என்று அழைக்கப்பட்டவனின் கொள்ளுப்பேரன் நிமிர்ந்து நின்று, "வல்லவன்" என்று தனக்குத்தானே பெயரிட்டுக்கொள்கிறான். இது செருக்கா? சைக்கிளைவிட்டு இறங்க மாட்டேன் என்றானே 1941இல், அவன் குரலின் மறு எதிரொலி அல்லவா!

எங்கே தொடங்கியது இந்த இசை?

"அமெரிக்காக்காரன் கூச்சல்" என்கிறார் பெரியவர். எந்த அமெரிக்காக்காரன்? வானளாவிய மாளிகையில் வாழ்பவனா? அல்ல, அல்ல!

நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்றொரு பகுதி. கறுப்பின மக்களும், கரிபியன் தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களும் வாழ்ந்த இடம். பணக்காரன் கார் விரைந்து செல்ல, அந்தப் பகுதியின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு நெடுஞ்சாலை போட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. 1970களில் தெருத்தெருவாக வீடுகள் எரிந்தன. அந்தச் சாம்பலில் முளைத்தது இந்த இசை.

1973 ஆகஸ்டு 11. ஜமைக்காவில் பிறந்து அங்கே குடியேறிய இளைஞன் ஒருவன். கூல் ஹெர்க் என்று பெயர் விளங்கியவன். பள்ளி திறக்கும் முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க அவன் தங்கை ஒரு விருந்து வைத்தாள். பெண்களுக்கு இருபத்தைந்து காசு, ஆண்களுக்கு ஐம்பது காசு நுழைவுக் கட்டணம். ஹெர்க் என்ன செய்தான்? ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு தட்டுப்பெட்டிகளில் வைத்தான். பாட்டில் மத்தளம் மட்டும் தனியே முழங்கும் சில நொடி இருக்குமே, அதை இந்தத் தட்டில் முடிந்ததும் அந்தத் தட்டில், அதில் முடிந்ததும் இதில் என்று மாற்றி மாற்றி ஓட்டினான். சில நொடித் தாளம் பல நிமிடமாக நீண்டது. கூடியிருந்தோர் ஆடித் தீர்த்தனர். அந்தத் தாளத்தின்மேல் ஒருவன் ஒலிவாங்கியைப் பிடித்து எதுகையோடு பேசினான். அதுவே வளர்ந்து ராப் ஆயிற்று. வாத்தியம் வாங்கப் பணமில்லாதவன், வாத்தியார் வைத்துக் கற்க வழியில்லாதவன், நாவையே வாத்தியமாக்கிக்கொண்டான்! 1982இல் 'தி மெசேஜ்' என்ற பாட்டு வந்தபோது, இடிந்த வீடும் வேலையின்மையும் பசியும் அந்தப் பாட்டின் பொருளாயின. உலகம் திரும்பிப் பார்த்தது.

பிராங்க்ஸில் வீட்டை இடித்தார்கள். மலாயாவில் லயத்தை இடித்தார்கள். அங்கே எழுந்த குரல் இங்கே கேட்டதும், "இது நம் கதை அல்லவா!" என்று மலேசியத் தமிழ்ப்பிள்ளை துள்ளி எழுந்ததில் வியப்பென்ன? யோகி பி முதலில் இருந்தது 'பொயட்டிக் அம்மோ' என்ற குழுவில். ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் என்று பல மொழிகளில் பாடிய குழு அது. அதன் முதல் தொகுப்பு 1998இல் வந்தது. அந்தப் பயிற்சியோடுதான் எட்டாண்டு கழித்துத் தமிழிலேயே தொகுப்புக் கொண்டுவரத் துணிந்தார்.

இரவல் என்பார் உண்டு

"எல்லாம் சரி, இரவல் சரக்குத்தானே?" என்பார் சிலர். அவர்களைக் கேட்கிறேன்: லாவணி எங்கிருந்து வந்தது? மராத்தியரோடு தஞ்சைக்கு வந்தது. ஆனால் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இருவர் எதிரெதிரே நின்று, டேப்பைத் தட்டி, கேள்விக்குப் பாட்டாலேயே பதிலடி கொடுத்து விடிய விடிய வாதாடியபோது, அதை இரவல் என்று எந்தத் தமிழன் எழுந்து போனான்? ராப் பாடகர் இருவர் நேருக்கு நேர் நின்று சொல்லால் மோதுகிறார்களே, அதற்கும் லாவணிக்கும் எவ்வளவு தொலைவு? நம் நாடகக் கொட்டகைகளில் அழுது சிரித்த ஆர்மோனியம் ஐரோப்பாவுக்குச் சொந்தம். கச்சேரி மேடையில் வீற்றிருக்கும் பிடிலும் அங்கிருந்தே வந்தது. வந்தவை வாழ்ந்தன, ஏனென்றால் நம் மொழியைப் பேசின.

ஒட்டன்சத்திரத்துப் பெரியவருக்கு இன்னொன்றும் நினைவூட்ட வேண்டும். தைப்பூசம் வந்தால் உங்கள் ஊர்ச் சாலை வழியாகத்தானே பழனிக்கு மக்கள் வெள்ளம் நடக்கிறது? நடை தளராதிருக்கக் காவடிச் சிந்து பாடுகிறார்களே, அதன் சந்தம் என்ன மெல்ல நடக்கிற சந்தமா? துள்ளி ஓடும் சந்தம்! அண்ணாமலை ரெட்டியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்து காட்டினார். அதற்கு முன்னரே அருணகிரிநாதர், மூச்சு முட்ட முட்டச் சொற்களை அடுக்கித் திருப்புகழில் சந்தக் கடலையே பெருக்கினார். வல்லினத்தை அடுக்கித் தாளத்தை எழுப்பத் தமிழுக்கு அமெரிக்காவா கற்றுக்கொடுக்க வேண்டும்?

'வல்லவன்' தொகுப்பில் ஊர் உலகெல்லாம் பரவிய பாட்டு 'மடை திறந்து'. 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த பாட்டின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு, இடையில் தங்கள் சொந்தச் சொல்மழையைப் பொழிந்தார்கள். படத்தில் அது, இசையமைப்பாளனாகத் துடிக்கும் ஏழை இளைஞன் ஒருவனின் கனவுப் பாட்டு. பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டு வந்த கலைஞர் அமைத்த அந்தக் கனவை, கடல்கடந்த தமிழ் இளைஞர் இருபத்தாறு ஆண்டுகள் கழித்துத் தங்கள் கனவாக்கிக்கொண்டார்கள். மடை திறந்தது அங்கே. வெள்ளம் பாய்ந்தது இங்கே.

குறையும் உண்டு, மறைக்க வேண்டாம்

குறையே இல்லையா? உண்டு. 'வல்லவன்' தொகுப்பிலேயே ஆங்கிலம் அதிகமாகக் கலந்திருக்கிறது. "நான்தான் பெரியவன், எனக்கு நிகர் எவன்?" என்று மார்தட்டுவது இந்த இசையின் பிறவிப் பழக்கம், அளவோடிருந்தால் தன்மானம், மிஞ்சினால் தலைக்கனம். பின்னால் தமிழகத்தில் வந்த சில பாட்டுகள், பெண் என்ன உடுத்தலாம், எங்கே போகலாம் என்று நாட்டாண்மை செய்யக் கிளம்பின. தோளில் மூட்டை ஏற்றி நிற்கும் பெண்ணையும் கூடையில் தக்காளி சுமக்கும் பெண்ணையும் தினம் பார்க்கும் நாம், அத்தகைய பாட்டைக் கைதட்டி வரவேற்க முடியாது. கண்டிப்போம்! ஆனால் களை முளைத்தது என்று கழனியையே கொளுத்துவார் உண்டா?

அந்தக் கழனியில் விளைந்ததைப் பாருங்கள். யோகி பியின் குரல் 'பொல்லாதவன்' (2007), 'எந்திரன்' (2010), 'ஆடுகளம்' (2011) ஆகிய படங்களில் ஒலித்தது. 1994இலேயே 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' வந்ததுண்டு. அது படத்துக்குள் ஒரு பாட்டு. தனித்தொகுப்பு என்னும் பாதை 'வல்லவ'னுக்குப் பிறகே அகன்றது. 2012இல் 'ஹிப்ஹாப் தமிழா' குழுவின் முதல் தொகுப்பு வந்தது. 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியது. சாதியற்றோர் என்று மக்கள் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முழங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெற்றது அந்தப் பெயர். கானாவும் ராப்பும் பறையும் கிடாரும் ஒரே மேடையில் தோளுரசி நின்றன. சாதிக் கொடுமையும் இடஒதுக்கீடும் பாட்டாயின.

அந்தக் குழுவில் பாடிய அரக்கோணத்து அறிவு, ஓஃப்ரோ என்ற இசைஞரோடு சேர்ந்து 2019இல் 'தெருக்குரல்' என்ற தொகுப்பைத் தந்தார். தூத்துக்குடியில் 2018 மே 22ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான இளம்பெண் ஸ்னோலின் பெயரிலேயே அதில் ஒரு பாட்டு! 2021இல் உலகெங்கும் ஒலித்த 'எஞ்சாய் எஞ்சாமி'யில் அறிவு நினைவுகூர்ந்தது தம் பாட்டி வள்ளியம்மாளை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவரை. மீண்டும் லயம்! மலேசிய லயத்தின் கதை கோலாலம்பூரில் ஒலித்தது. இலங்கை லயத்தின் கதை அரக்கோணத்திலிருந்து ஒலித்தது.

ஆனால் அந்த ஆண்டே என்ன நடந்தது? ஒரு புகழ்பெற்ற இசை ஏடு அந்தப் பாட்டை ஒட்டி அட்டைப்படம் வெளியிட்டபோது, அதில் அறிவின் முகம் இல்லை. எதிர்ப்புக் குரல் எழுந்த பின்னரே அந்த முகம் நினைவுக்கு வந்தது. விளைவித்தவன் பெயர் விலைச்சீட்டில் இராது என்பது ஒட்டன்சத்திரத்துச் சந்தைக்குத் தெரியாத செய்தியா? தக்காளிக்கு அது நடக்கிறது. பாட்டுக்கும் அதுவே நடக்கிறது!

ஏலக் குரல்

மறுநாள் ஏலம் நடக்கும் நேரத்தில் மீண்டும் சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு கமிஷன் மண்டியில் கூட்டத்தின் நடுவே நின்று ஏலம் கூறிக்கொண்டிருந்தவர் யார்? நம் பெரியவரேதான்! முப்பது ஆண்டாக அதே தொழில்.

"நூறு, நூறு, நூத்திப் பத்து — பத்து பத்து பத்து — யாரப்பா அங்க, இருபது — இருபது இருபது, இருபத்தஞ்சு..."

மூச்சு விடாமல் ஓடுகிறது குரல். எண்ணுக்கு எண் எதுகை. ஆளுக்கு ஆள் கிண்டல். வியாபாரி விலையைக் குறைத்தால் அதற்கொரு குத்தல். எல்லாம் தாளம் தப்பாமல்! சற்றுத் தள்ளி அந்த இளைஞன், காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, விரலால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். பெரியவர் குரலும் பெட்டியின் தாளமும் இழையிழையாகச் சேர்ந்துகொண்டன. சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியவருக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது.

ஏலம் முடிந்ததும் அருகில் போனேன். "ஐயா, முப்பது வருசமா நீங்க பாடுறது என்ன பாட்டு?" என்றேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பையனை ஒரு பார்வை பார்த்தார்.

"அஞ்சு நிமிசம். ஆறாவது நிமிசம் மைக்கை நிறுத்திப்புடுவேன். கெட்ட வார்த்தை ஒண்ணு வரக் கூடாது. மலாயாவுக்குப் போன உங்க பூட்டனைப் பத்தி இருக்கணும், மூட்டைக்கு என்ன கூலி கெடைக்குதுன்னும் இருக்கணும். முடியுமாடா?"

"முடியும் மாமா!"

தோழர்களே! இது ஒட்டன்சத்திரத்துக் கதை மட்டுமா? உங்கள் ஊர்க் கிளையிலும் மேடைக்குக் கீழே கைகட்டி ஒரு பையன் நின்றுகொண்டிருப்பான். கொடி கட்டக் கூப்பிடுகிறோம்; நாற்காலி போடக் கூப்பிடுகிறோம்; ஊர்வலத்தில் முழக்கமிடக் கூப்பிடுகிறோம். பாடக் கூப்பிடுகிறோமா? அவன் பாட்டு நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் அவன் எதைப் பாடுகிறான் என்று கேட்காமலே காதைப் பொத்திக்கொண்டால், அவன் வேறு மேடை தேடிப் போவான். அந்த மேடையை யார் போட்டிருப்பார், என்ன பாடச் சொல்வார் என்று எண்ணிப் பாருங்கள்.

வரும் மே நாளில் ஐந்தே நிமிடம் கொடுங்கள். ஆறாவது நிமிடம் வேண்டுமா என்பதைக் கூட்டம் சொல்லட்டும்!